எரிமலைக் கடற்கரையில் புவிப்பூங்கா: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எரிமலைக் குழம்பு உறைந்து உருவான எங்கள் கடற்கரையை, ஊர் மக்களே நடத்தும் புவிப்பூங்காவாக்க (சிறப்பான பாறைகளும் நில அமைப்பும் உள்ள இடத்தைப் பாதுகாத்து, கல்விக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படுத்தும் பகுதி) முயல்கிறோம். அயர்லாந்தின் காப்பர் கோஸ்ட் புவிப்பூங்காதான் மனதில் இருக்கும் மாதிரி. அங்கும் பழைய எரிமலைப் பாறைகள்தான்.

உலகப் புவிப்பூங்கா அங்கீகாரம் கேட்டு யுனெஸ்கோவுக்கு விண்ணப்பிக்கும் முன் குறைந்தது ஓராண்டாவது புவிப்பூங்காவாகவே இயங்கியிருக்க வேண்டும். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற நிர்வாக அமைப்பும் தேவை. அறக்கட்டளையா, கூட்டுறவுச் சங்கமா? எதில் மீனவர்களின் குரல் அமுங்காமல் இருக்கும்?

அப்புறம், பெரிய தலைவலி ஒன்று. யுனெஸ்கோ விதிப்படி, நிர்வாக அமைப்பு கனிமங்கள், மெருகேற்றிய கற்கள் போன்றவற்றின் விற்பனையில் நேரடியாக ஈடுபடக் கூடாது. இங்கே சில குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. அவர்களை வழிகாட்டிகளாக மாற்றலாம் என்பது என் எண்ணம், ஆனால் சீசன் இல்லாத மாதங்களில் வருமானம்? இதைச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாக எழுதுங்களேன்.