வாடகைக்கு விட முதல் வீடு வாங்கப் போகிறேன், கணக்கு சரிதானா?

கேள்வி:
வணக்கம். கையிருப்பு பாதி, வங்கிக் கடன் பாதி என்று போட்டு, இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறேன். பழைய வீடுதான். வருடத்துக்கு விலையில் 5 சதவீதம் வாடகையாக வரும் என்கிறார் தரகர். குடித்தனக்காரர்களோடு பழக்கமே இல்லை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில் 1:
யோசிக்காமல் வாங்குங்கள். கடனை வாடகையே அடைத்துவிடும்.

பதில் 2:
யோசித்தே வாங்குங்கள். நான் சொந்த வீடுகளோடு சொந்தக்காரர்களின் வீடுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். தரகர் சொல்லும் 5 சதவீதம், செலவைக் கழிக்காத கணக்கு.

விலை 100 ரூபாய் என்று வையுங்கள். வருட வாடகை 5. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அதில் 42 காசு போச்சு. பழுதுக்கு விலையில் 1 சதவீதம் ஒதுக்குவது பரவலான வழக்கம். பழைய வீட்டுக்கு அதுவும் பற்றாது. வரி, காப்பீடு, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து அரை ரூபாய் என்றாலும் மிஞ்சுவது 3 ரூபாய் சொச்சம்தான். பாதிக் கடனுக்கு, அதாவது 50 ரூபாய்க்கு, 8 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டுமே 4. மீதியை உங்கள் சம்பளத்திலிருந்துதான் போட வேண்டும். விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். அதை நம்பி மாதத் தவணை கட்ட முடியாது.

பழைய வீடு என்பதால் இன்னொன்று. பார்க்கப் போகும்போது எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு, தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. அப்புறம், குளியலறைச் சுவரின் மறுபக்கம் எந்த அறை என்று பார்த்து, அங்கே தரையோரம் கையை வைத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனை அந்தச் சுவரில் மட்டும் அடித்தால் சந்தேகப்படலாம். விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
கையிலிருந்து போட வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நன்றி. வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் சரியாகிவிடாதா?

பதில் 2:
5 சதவீதம் கூடுதலாகக் கேட்டு, அதனால் ஒரு மாதம் வீடு காலியாக நின்றால், அந்த நட்டத்தை எடுக்க 20 மாதம் ஆகும். நாலு பேர் கேட்கும் வாடகைக்கு விடுங்கள், நல்ல ஆளாகப் பார்த்து விடுங்கள்.

நல்ல ஆளா என்று விசாரிக்க இப்போதைய வீட்டுக்காரரைக் கேட்டால் போதாது. காலி செய்தால் போதும் என்றிருப்பவர் தங்கக்கட்டி என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைத் தேடிப் பேசுங்கள்.

பதில் 3:
சாவி கொடுக்கும் நாளில் குடிவருபவரையும் கூட வைத்துக்கொண்டு அறை அறையாக வீடியோ எடுங்கள். மீட்டர் அளவு, சாவி எத்தனை, உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணத்தை மட்டும் செலவழிக்காதீர்கள், அது அவர் பணம். தனிக் கணக்கில் கிடக்கட்டும்.

பதில் 2:
அதே கணக்கில் மாதாமாதம் பழுதுக்கும் கொஞ்சம் போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், அதற்கு வேறு கணக்கு.