வாசலில் குவியும் பனியை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: கனடாவின் ஸ்கார்பரோவில் எங்களுக்கு இது முதற் குளிர்காலம். இரண்டு மணி நேரம் பனி அள்ளி நிமிர்ந்த கையோடு, பனி வழிக்கும் வண்டி தெருப்பனியை எங்கள் வாசலிலேயே குவித்துவிட்டுப் போனது. தூவிய உப்பும் உருக்கவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1: வாசலில் தெருவைப் பார்த்து நின்றால் வண்டி இடப்பக்கமிருந்து வரும். ஆகையால் அப்பக்கத் தெருவோரத்தில் ஒரு காரளவு இடத்தைத் துப்புரவாக்கி, அள்ளியதை வலப்பக்கம் குவித்தால், வண்டி தள்ளிவரும் பனியில் பெரும்பகுதி அந்த இடத்திலேயே இறங்கிவிடும். பனி அள்ளும் சவளில் சிறிது சமையல் எண்ணெய் தடவுங்கள், ஈரப்பனி ஒட்டாது.

மறுமொழி 2: சாதாரண உப்பு சுமார் −10 பாகை செல்சியசுக்குக் கீழே மந்தமாகிவிடும். கால்சியம் குளோரைடு அதைவிடக் கடுங்குளிரிலும் உருக்கும். ஆனால் விலை அதிகம். வழுக்காதிருக்க மணலே போதும் என்பது என் கருத்து.

மறுமொழி 3: வாசலை விட முக்கியமானது, பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் வெப்பமூட்டியின் புகைக்குழாய். அதைப் பனி மூடினால், மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தேங்கக்கூடும். இன்னொன்று, இதய நோயுள்ளவர்கள் சவளைத் தொடவே வேண்டாம்.

கேட்டவர்: இப்போதுதான் போய்ப் பார்த்தேன்; குழாயின் வாய் பாதி மூடியிருந்தது. கையாலேயே விலக்கிவிட்டேன். மிக்க நன்றி.