புது செல் போட்டும் கார் சாவி ரிமோட் மக்கர் பண்ணுகிறது, சாவியே போச்சா?

வைகைக்கரை:
2019 பலேனோ, புஷ் ஸ்டார்ட் மாடல். இரண்டு வாரமாகவே பட்டனை மூன்று நான்கு தடவை அமுக்கினால்தான் கதவு திறந்தது. சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணிக் கேட்டால், செல்லை மாற்றினால் சாவியைத் திரும்ப புரோகிராம் பண்ண வேண்டும், 1,800 ரூபாய் ஆகும் என்றார்கள். ஒரு செல்லுக்கா என்று எரிச்சலாகி, பக்கத்துத் தெரு வாட்ச் கடையில் 60 ரூபாய்க்குப் புது செல் வாங்கி நானே போட்டேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் செத்துவிட்டது. இதில் கூத்து என்னவென்றால், சாவியை இரண்டு விரலால் இறுக்கி நசுக்கிப் பிடித்தால் திறக்கிறது, விட்டால் இல்லை. நேற்று மாட்டுத்தாவணியில் காய்கறிப் பையோடு இருபது நிமிடம் வெயிலில் நின்று சாவியை நசுக்கிக்கொண்டிருந்தேன். செல் போலியா, இல்லை நிஜமாகவே புரோகிராம் அழிந்துவிட்டதா?

கிரீஸ்கை:
புரோகிராம் எங்கும் போகவில்லை சார். செல்லைக் கழற்றினாலும் அந்தப் பதிவு சிப்பில் அப்படியே இருக்கும். 1,800 என்றவரை மறந்துவிடுங்கள். இன்னொன்று, சாவியில் இருக்கும் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) சிப்புக்கு இந்தச் செல்லே தேவையில்லை, காரிலிருந்து வரும் அலையிலேயே அதற்கு வேண்டிய கரண்ட் கிடைத்துவிடும். அதனால் அடுத்த தடவை வெயிலில் நிற்காதீர்கள். ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறங்கள் (அலாரம் கத்தினாலும் பதறாதீர்கள்), உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, கியர் வண்டி என்றால் கிளட்சையும் மிதித்து, ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனில் ஒட்டி வைத்து அமுக்குங்கள். ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஓய்வில் இருக்கிறேன்:
எனக்கும் இதேதான் ஆனது. செல்லுக்கு அடியில் சாக்லேட் சுற்றிய ஜிகினாத் தாளை மடித்து வைத்தேன், ஆறு மாதமாக ஓடுகிறது.

பாதிராத்திரி சோல்டர்:
ஐயா, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். தாள் கொஞ்சம் நகர்ந்து செல்லின் ஓரத்தைத் தொட்டாலே ஷார்ட், செல் சூடாகித் தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவருக்கு: நசுக்கினால் திறக்கிறது என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள், செல்லுக்கும் சாவிக்குள் அதைத் தொடும் தகட்டுக்கும் தொடர்பு சரியாக இல்லை. செல்லின் மேல் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அதில் வர வேண்டியது சிஆர்2032. 20 என்பது விட்டம் மில்லிமீட்டரில், 32 என்பது தடிமன், அதாவது 3.2 மி.மீ. கடைக்காரர் 2025 கொடுத்திருந்தால் அது 2.5 தான். அகலம் ஒன்று, 3 வோல்ட்டும் ஒன்று, அதனால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் 0.7 மி.மீ. இடைவெளியில் அது உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். எண் சரியாக இருந்தால், தகடு படுத்துக் கிடக்கிறதா என்று பார்த்து, ஊசி முனையால் ஒரு மயிரிழை மட்டும் தூக்கிவிடுங்கள், அதிகம் தூக்கினால் ஒடிந்துவிடும். மல்டிமீட்டர் இருந்தால் செல்லையும் சோதியுங்கள், புதுசு 3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்.

இரட்டைக்குழந்தை அம்மா:
குழந்தைகள் வாயில் போட்டாலும் துப்பிவிடட்டும் என்று சில கம்பெனி செல்களில் கசப்பு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சாலும் சில கருவிகளில் தொடர்பு கிடைக்காது. அதற்காகக் கசப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை! கழற்றிய பழைய செல்லை மேஜையில் விட்டுவிடாதீர்கள், அதிலும் கரண்ட் மிச்சம் இருக்கும். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிதான். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள்.

வைகைக்கரை:
திறந்து பார்த்தேன். 2025! வாட்ச் கடைக்குக் கொண்டுபோனால், “ரெண்டும் ஒண்ணுதான் சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க” என்கிறார். அட்டையோடு சீல் வைத்த 2032 வேறு கடையில் வாங்கிப் போட்டேன், மூடும்போதே இறுக்கமாக ‘டக்’ என்று உட்கார்ந்தது. மூன்று நாளாக ஒரே அமுக்கில் திறக்கிறது. சோல்டர் அண்ணா, நன்றி. அந்த 2025 இப்போது வீட்டுத் தராசில் ஓடுகிறது, அதற்கு அதுதான் அளவாம்.