வான்கோழி வேட்டைப் போட்டி: ரூல்ஸ் எவ்வளவு இருந்தா போதும்?

ஓசார்க்வாசி:

வணக்கம் மக்களே. நான் மிசௌரில கொலம்பியா பக்கம் இருக்கேன். எங்க ஆபீஸ்ல வேட்டைக்குப் போற ஆளுங்க சேர்ந்து வருஷா வருஷம் ஸ்ப்ரிங் சீசன்ல ஒரு வான்கோழி போட்டி வைப்போம். மூணு பேர் ஒரு டீம், சீசன் முடியற வரைக்கும் எடுக்கற சேவலுக்கெல்லாம் புள்ளி கூட்டி, கடைசில ஜெயிச்ச டீமுக்கு மத்தவங்க சேர்ந்து ஒரு பார்பிக்யூ. பரிசுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. இப்ப ஜார்ஜியா, டெக்ஸாஸ், நெப்ராஸ்கா ஆபீஸ் ஆளுங்களும் சேர்ந்துட்டாங்க, கூடவே சண்டையும் வந்துடுச்சு.

புள்ளிக்கு நேஷனல் வைல்டு டர்க்கி ஃபெடரேஷன், அதாவது காட்டு வான்கோழியைக் காப்பாத்தற சங்கத்தோட கணக்கைத்தான் வெச்சிருக்கோம். தெரியாதவங்களுக்காக சொல்றேன், எடை எத்தனை பவுண்டோ அது அப்படியே, நெஞ்சுல தொங்கற தாடி எத்தனை இன்ச்சோ அதை 2ஆல பெருக்கணும், ரெண்டு கால் முள்ளோட நீளத்தையும் கூட்டி 10ஆல பெருக்கணும், மூணையும் கூட்டினா ஸ்கோர். 21.5 பவுண்டு சேவல், தாடி 10.25 இன்ச், முள்ளு 1.125ம் 1ம்னா 21.5 + 20.5 + 21.25 = 63.25.

போன சீசன்ல ஒருத்தர் போட்டோல டேப்பை எங்க இருந்து பிடிச்சிருக்கார்னு ஆரம்பிச்ச வாக்குவாதம் ரெண்டு நாள் ஓடுச்சு. இன்னொரு டீம் வீடியோ இல்லாம புள்ளியே குடுக்கக் கூடாதுன்னு நின்னாங்க. அதுக்கொரு ரூல், இதுக்கொரு ரூல்னு எழுதி எழுதி ரெண்டு பக்கம் ஆயிடுச்சு. எங்க பாதிப்பேருக்கு பாக்ஸ் கால், அதாவது தேய்ச்சா வான்கோழி மாதிரி சத்தம் போடற மரப்பெட்டியைத் தேய்க்கக் கத்துக்குடுத்த ஒரு பெரியவர் "இது வேட்டை இல்ல, ஆடிட்"னு சொல்லிட்டு விலகிட்டார், எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். அதே சமயம் கறாரா இருக்கணும்னு சொல்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அளவே காட்டாம ஒருத்தர் ஒண்ணேகால் இன்ச் முள்ளுன்னு எழுதினா விடிகாலை மூணு மணிக்கு எழுந்து ஒழுங்கா போறவனுக்கு கடுப்பாகும்ல.

இந்த வருஷம் ரூல்ஸ் எழுதற பொறுப்பு என்கிட்ட வந்திருக்கு. எதை வெச்சுக்கலாம், எதைத் தூக்கிடலாம்? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பைன்மரக்காடு:

ஜார்ஜியால இருந்து எழுதறேன் தம்பி. ரூல்ஸ் எத்தனைங்கறதை அப்புறம் பார்க்கலாம், முதல்ல உங்க புள்ளிக் கணக்கு ஆளுங்களை எதை செய்யச் சொல்லுதுன்னு பாருங்க. எடுக்கற எல்லாத்துக்கும் புள்ளி கூட்டறீங்க இல்லையா? ஒரு ஜேக், அதாவது ஒரு வயசு சேவலை எடுத்துக்கோங்க. 14 பவுண்டு, தாடி 4 இன்ச், முள்ளுன்னு பேருக்கு ஒவ்வொரு கால்லயும் 0.25 இன்ச் மொட்டு. 14 + 8 + 5 = 27. உங்க 63.25 வாங்கின சேவல் குறைஞ்சது மூணு வயசாவது இருக்கும், அதுக்குப் பின்னாடி ஒருத்தர் சீசன் முழுக்க அலைஞ்சிருப்பார். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாட்டி மூணு ஜேக் 81, அவரைத் தாண்டிடும். உங்க ஊர்ல சீசனுக்கு 2தான், சரி, ஆனா அலபாமா ஆள் ஒருத்தர் சேர்ந்தா அவருக்கு 4 வரைக்கும் சட்டமே அனுமதிக்குது. அப்ப லைசென்ஸ் எங்க வாங்கினார்ங்கறதே ஸ்கோரைத் தீர்மானிச்சிடும்.

அதனால ஒரு ஆளுக்கு ஒரே ஒரு சேவல், அவரோட சிறந்தது, அது மட்டும் கணக்குக்கு வரட்டும். இந்த ஒரு மாத்தத்துலயே உங்க ரெண்டு பக்கத்துல பாதி தேவையில்லாம போயிடும் பாருங்க.

அப்புறம் முதல் நாள் போனஸ், முதல் பறவை போனஸ் மாதிரி ஏதாவது இருந்தா தயவுசெஞ்சு எடுத்துடுங்க. தெற்குல வான்கோழி குறைஞ்சிட்டு வர்றது உங்களுக்கே தெரியும். பெட்டை அடைக்கு உட்கார்றதுக்கு முன்னாடியே பெரிய சேவலையெல்லாம் எடுத்துட்டா இனப்பெருக்கம் குழம்பிடுமோங்கற கவலையை ஜார்ஜியா யுனிவர்சிட்டி பேராசிரியர் மைக் சேம்பர்லெய்ன் மாதிரி ஆளுங்க பல வருஷமா பேசிட்டு இருக்காங்க. 2022ல எங்க மாநிலம் சீசனைத் தள்ளி ஆரம்பிச்சு, 3ஆ இருந்த வரம்பை 2ஆ குறைச்சாங்க. அலபாமாவும் அதே வருஷம் 5ல இருந்து 4க்கு வந்து, முதல் 10 நாள் டீகாய், அதாவது சேவலை இழுக்கற பொம்மைப் பறவை வைக்கக் கூடாதுன்னாங்க. மாநிலமே மெதுவா போங்கன்னு சொல்றப்ப நம்ம போட்டி ஆளை முதல் நாளே ஓட விடறது சரியில்ல.

விடியல்காடு:

பைன்மரக்காடு அக்கா சொன்ன அவசரம் பத்தி ஒண்ணு சேர்த்துக்கறேன், எனக்கு இதுல பாதுகாப்புதான் முதல் விஷயம்.

இது மத்த வேட்டை மாதிரி கிடையாது. எல்லாரும் தலைல இருந்து கால் வரைக்கும் காட்டோட கலந்து தெரியற காமோ டிரெஸ் போட்டு, மரத்தடில ஆடாம உட்கார்ந்து, பெட்டைக்கோழி மாதிரி சத்தம் குடுத்துட்டு இருப்பாங்க. அந்தச் சத்தத்தை நம்பி சேவல் மட்டும் வர்றதில்ல, இன்னொரு வேட்டைக்காரனும் வர்றான். சேவல் தலை சிவப்பு, வெள்ளை, நீலமா இருக்கும், அதனாலதான் அந்த மூணு கலர்ல கர்ச்சீப் கூட வெளிய தெரியக் கூடாதுன்னு கிளாஸ்லயே சொல்லிக்குடுப்பாங்க. இந்த நிலைமைல "இன்னைக்கு டெட்லைன், டீம் 20 புள்ளி பின்னாடி இருக்கு"ன்னு ஒருத்தன் மண்டைல ஓடிட்டு இருந்தா, புதர்ல ஏதோ அசையறப்ப அவன் ஒரு நொடி பொறுப்பானா? எனக்கு நம்பிக்கை இல்ல.

வால் விசிறியைக் கைல பிடிச்சு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சு தவழ்ந்து போற ஃபேனிங், ரீப்பிங் எல்லாம் உங்க போட்டில புள்ளிக்கே சேராதுன்னு எழுதிடுங்க. சில மாநிலங்கள் பொது நிலத்துல தடையே பண்ணிருக்காங்க. தூரத்துல இருந்து பார்க்கறவனுக்கு அது சேவல்தான், பின்னாடி மனுஷன் இருக்கறது தெரியாது. இதைப் பத்தி வாக்கெடுப்பு எதுவும் வேண்டாம், நேரா தடை.

அதே மாதிரி "40 கெஜத்துக்கு மேல சுட்டா போனஸ்" மாதிரி எவனாவது ஐடியா குடுத்தா அங்கயே நிறுத்துங்க. இப்ப டங்ஸ்டன் ரவை வந்தப்புறம் ஆளுங்க தூரத்தைக் கூட்டிட்டே போறாங்க, காயம்பட்டு ஓடற பறவையை யாரும் ஸ்கோர் ஷீட்ல எழுதறதில்ல. எத்தனை கிட்ட வர வெச்சாங்கறதுதான் இந்த வேட்டைல திறமை.

ஹில்கன்ட்ரி78:

டெக்ஸாஸ். எல்லா மாநிலத்தையும் ஒரே தராசுல போடறீங்க, அங்கதான் பிரச்சனைன்னு நினைக்கறேன். உங்க மிசௌரில இருக்கறது ஈஸ்டர்ன்ங்கற வான்கோழி இனம், எடையும் தாடியும் பெருசு. எங்க பக்கம் ரியோ கிராண்டே, எடை கம்மி. மேற்குப் பக்க மலைல மெரியம்ஸ், முள்ளு சின்னதா இருக்கும், பாறைல நடந்து தேய்ஞ்சும் போகும். ஃபுளோரிடா ஒசியோலாவுக்கு உடம்பு சின்னது, முள்ளு நீளம். அந்த ஃபெடரேஷனே ரெக்கார்டை இனவாரியா தனித்தனியாத்தான் வெச்சிருக்கு. நெப்ராஸ்கா பையன் மெரியம்ஸ் பக்கம் வேட்டையாடறான்னா அவன் எவ்வளவு நல்லா ஆடினாலும் உங்களைத் தொட முடியாது. டீம் பிரிக்கறப்ப ஒவ்வொரு டீம்லயும் ஊர் கலந்து போடுங்க, ஃபார்முலாவை நோண்டிட்டு இருக்க வேண்டாம்.

எடையையும் விட்டுடலாம்னு சொல்லுவேன். தீனிப்பைல மக்காச்சோளம் நிறைய இருந்தா எடை கூடும், மழைல நனைஞ்சா கூடும், ஒவ்வொருத்தர் தராசும் ஒவ்வொண்ணு சொல்லும். அதைவிட முக்கியம் கறி. ஏப்ரல் வெயில்ல நல்ல தராசு தேடி குடல் எடுக்காம வண்டில வெச்சு சுத்தினா கறி என்னத்துக்கு ஆகும்? பறவையை எடுத்தா உடனே சுத்தம் பண்ணி ஐஸ்ல வைக்கணும், ஒரு போட்டி அதுக்குக் குறுக்க நிக்கக் கூடாது. தாடியும் முள்ளும் போதும், அது ரெண்டும் எத்தனை நாள் கழிச்சு அளந்தாலும் பெருசா மாறாது.

ஓசார்க்வாசி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா போட்ட 27 x 3 கணக்கை க்ரூப்ல அப்படியே போட்டேன், கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் பேசல. ஒரு ஆளுக்கு ஒரு சேவல்ங்கறதுக்கு கறார் பார்ட்டியும் சரின்னுட்டாங்க. ரீப்பிங் தடை, முதல் நாள் போனஸ் கட், ரெண்டும் எழுதியாச்சு.

ஹில்கன்ட்ரி, எடையை எடுத்துட்டா ஆதாரம் விஷயம் சுலபமாகுதுன்னு புரியுது, ஆனா அளவுச் சண்டைக்கு என்ன வழி? வீடியோ கேக்கறவங்க விடமாட்டேங்கறாங்க.

ஹில்கன்ட்ரி78:

காட்டுல வெச்சு ஆதாரம் எடுக்கச் சொல்லாதீங்க, அதுதான் வேட்டையைக் கெடுக்குது. சேவல் விழுந்த அந்த நிமிஷம் அந்த ஆளோடது, அப்ப போனைத் தூக்கி ஆங்கிள் பார்த்துட்டு நிக்க வைக்கறது பாவம். காலும் தாடியும் வெட்டி உப்பும் போராக்ஸும் போட்டு காய வைக்கட்டும், நாங்க எல்லாரும் நினைவுக்காக எப்படியும் வைக்கறதுதானே. பார்பிக்யூ அன்னைக்கு எல்லாரும் கொண்டு வரட்டும், ஒரே டேப்புல ஒரே ஆள் எல்லார் முன்னாடியும் அளக்கட்டும். முள்ளுன்னா செதில் தோலை விட்டு வெளிய வர்ற இடத்துல இருந்து வெளிப்பக்கமா வளைவோட நுனி வரைக்கும், தாடின்னா தோல்ல முளைக்கற இடத்துல இருந்து. தூர ஊர்க்காரங்க போஸ்ட்ல அனுப்பறதா இருந்தா பறவைப் பாகம் அனுப்பறதுக்கு அவங்க மாநில விதி என்னன்னு பார்த்துக்கட்டும், இல்லாட்டி அங்க இருக்கற இன்னொரு டீம் ஆள் நேர்ல அளந்தா போதும்.

சட்டப்படி மாநிலத்துக்கு எப்படியும் ரிப்போர்ட் பண்ணணும், மிசௌரில அன்னைக்கு ராத்திரி 10 மணிக்குள்ள டெலிசெக்ங்கற மாநில சிஸ்டத்துல பதியணும். அந்த கன்ஃபர்மேஷன் நம்பர் இருந்தா போதும், அதுக்கு மேல ஒரு சத்தியப்பிரமாணமும் வேண்டாம்.

கூகைக்குரல்:

நான் வேற பக்கத்துல இருந்து பேசறேன், கோபப்படாம படிங்க. நானும் வேட்டைக்காரன்தான், டென்னசில இருக்கேன். எனக்கு உயிரை வெச்சு ஸ்கோர் போடறதே பிடிக்கல. 1973ல அந்த ஃபெடரேஷன் ஆரம்பிச்சப்ப நாடு முழுக்க 13 லட்சம் அளவுல இருந்த பறவை, பின்னாடி 70 லட்சம் பக்கம் போச்சு. பண்ணைல வளர்த்து விட்டது பிழைக்கல, காட்டுப் பறவையையே வலையடிச்சுப் பிடிச்சு வேற காட்டுல விட்டு விட்டுத்தான் திரும்ப வந்துச்சு. எத்தனையோ பேர் உழைப்பு அது. அந்தப் பறவையை பாயிண்ட்டா எண்ணறது எனக்கு ஒத்து வரல. வெளில இருந்து பார்க்கற மக்களும் கவனிக்கறாங்க, நியூயார்க்ல 2023 டிசம்பர்ல கையெழுத்தான சட்டம் பரிசுக்காக விலங்கைக் கொல்ற போட்டிகளைத் தடை பண்ணிடுச்சு, மான், கரடி, வான்கோழிக்கு விலக்கு குடுத்திருக்காங்க. அந்த விலக்கு நம்ம நடத்தையைப் பொறுத்துத்தான் நிலைக்கும்.

போட்டி வேணும்னா குரல்ல வைங்க. பிப்ரவரில நாஷ்வில்ல நடக்கற கிராண்ட் நேஷனல் போட்டில நீதிபதிகள் ஆளைப் பார்க்காம சத்தத்தை மட்டும் கேட்டு மார்க் போடறாங்க, யெல்ப், கட்டிங், பர்ர்னு ஒவ்வொரு வகை வான்கோழிச் சத்தத்துக்கும். அந்த மாதிரி உங்க பார்பிக்யூல வெச்சா விலகிப்போன அந்தப் பெரியவரையே நீதிபதியா கூப்பிடலாம்.

பைன்மரக்காடு:

கூகைக்குரல் தம்பி சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். ஆனா போட்டியால நல்லதும் நடக்குது. எங்க வீட்டுக்காரர் டீம்ல ஆள் குறையுதுன்னுதான் என்னை முதல்முதலா கூட்டிட்டுப் போனார். டீம்னு ஒண்ணு இருந்ததாலதான் தெரியாத விஷயத்தைக் கேட்க எனக்குக் கூச்சம் வரல, எந்த மரத்துல சேவல் அடையுதுன்னு பார்த்து வெச்சதைக் கூட எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. இதைக் காப்பாத்தற மாதிரி ரூல் எழுதுங்க, புதுசா வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய் பக்கத்துல உட்கார்ற நாளுக்கு புள்ளி குடுங்க. பறவை கிடைக்கலன்னாலும் குடுங்க. குரல் போட்டியும் கட்டாயம் வைங்க, அது அருமையான யோசனை.

ஓசார்க்வாசி:

கூகைக்குரல் அண்ணே, அந்தப் பெரியவருக்கு நேத்தே போன் போட்டேன். நீதிபதியா வரேன்னார், போட்டில சேர்றதைப் பத்தி இன்னும் யோசிக்கறாராம். எனக்கு அதுவே போதும்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடிவாகல. பெரியவங்களுக்கு ஜேக் எடுத்தா புள்ளி இல்லன்னு வைக்கலாம்னு இருக்கோம். பசங்களுக்கும் முதல் தடவை வர்றவங்களுக்கும் என்ன பண்ணலாம்?

விடியல்காடு:

பசங்களுக்கு ஜேக்னாலும் முழு சேவல்னாலும் ஒரே புள்ளி, அளக்கவே வேண்டாம். ஆர்கன்சாஸ்ல கூட பெரியவங்க ஜேக் எடுக்க முடியாது, சின்னப் பசங்களுக்கு ஒண்ணு விட்டு வெச்சிருக்காங்க. முதல் தடவை வர்ற பெரியவங்களுக்கும் அதே மாதிரி பண்ணுங்க, மாநில சட்டம் இடம் குடுத்தா. உங்க ஊர்ல மெயின் சீசனுக்கு முன்னாடியே 6ல இருந்து 15 வயசு வரைக்கும் தனியா ஒரு வீக்கெண்ட் வருதுல்ல, அதுல பையனோ பொண்ணோ எடுத்த பறவையையும் டீம் கணக்குல சேர்த்துக்கோங்க, அப்ப அப்பாம்மாக்கள் அந்த ரெண்டு நாளும் தன்னோட துப்பாக்கியை வீட்ல வெச்சுட்டு அவங்களோட போவாங்க.