1 கொரிந்தியர் 8–10: சாப்பிடு என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா பவுல்?

கேள்வி:
விசுவாசமும் பண்பாடும் பற்றி சபைப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதுகிற பகுதி இது. 8:4-இல் விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார். 10:21-இல் பேய்களின் பந்தியில் பங்கு கூடாது. நாலு வசனம் தள்ளி, கடையில் விற்பதை விசாரிக்காமல் புசியுங்கள். இதை எப்படிப் பொருத்துவது?

பதில் 1:
மூன்று பந்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பிரதர். கோவிலுக்குள் பந்தி (8:10, 10:14–22): கூடாது. கடை இறைச்சி (10:25): தாராளமாக. அவிசுவாசி வீட்டு விருந்து (10:27): வைத்ததைச் சாப்பிடலாம், "இது படைத்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நிறுத்த வேண்டும், அதுவும் அவர் மனச்சாட்சிக்காக (10:28–29). இறைச்சி மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். எதில் பங்காளியாகிறோம் என்பதுதான் மாறுகிறது.

கோவில் பந்தியை வெறும் சடங்காக எழுதிவிடாதீர்கள். கொரிந்துவில் அஸ்கிலேபியஸ் என்ற கிரேக்க மருத்துவத் தெய்வத்தின் கோவிலை ஒட்டிச் சாப்பாட்டு அறைகளே அகழாய்வில் கிடைத்தன. ஓர் அறையில் 11 சாய்மஞ்சங்களுக்கு இடம். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் அழைப்பிதழ் ஒன்று, நாளை ஒன்பதாம் மணிக்கு (நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணியளவில்) செராப்பிஸ் கோவிலில் அந்தத் தெய்வத்தின் பந்திக்கு வரச் சொல்கிறது. நண்பர்களும் புரவலர்களும் கூடும் இடம் அது. போகாதவனுக்கு உறவும் தொழிலும் அடிபடும். இது விளங்காவிட்டால் பவுல் ஏதோ பத்தியம் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பதில் 2:
அதிகம் பேர் சறுக்குவது, பவுல் 8-ஆம் அதிகாரத்தில் சொல்கிற 'பலவீனன்' யார் என்ற விஷயத்தில். முகம் சுளிக்கிற மூப்பர் பலவீனர் அல்ல! 8:10-ஐ நிதானமாகப் படியுங்கள்: நம்மைப் பார்த்துத் துணிவு வந்து, தன் மனச்சாட்சிக்கு விரோதமாகத் தானும் சாப்பிடுகிறவனே பலவீனன். "எனக்கு இடறலாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதினால், சபையில் சத்தம் போடுகிறவர் வைத்ததே சட்டம்.

இன்னொன்று, "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு" (10:23) என்பது கொரிந்தியரின் முழக்கம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைப் பவுலின் போதனையாகக் காட்டாதீர்கள். அவருடைய பதில் "ஆகிலும்" என்பதற்குப் பிறகு வருகிறது.

பதில் 3:
9-ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஊழியத்தால் பிழைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று அடுக்கடுக்காக நிறுவிவிட்டு, அதைப் பயன்படுத்தவில்லை என்கிறார் (9:12). சகோதரனுக்கு இடறலானால் இறைச்சியே சாப்பிட மாட்டேன் என்கிற 8:13-க்கு ஆதாரமே அதுதான்.

அன்றாட உதாரணம் ஒன்று போதும். வேற்று மதத்தவர் வீட்டுத் துக்கம் என்று வையுங்கள்: போய் நிற்பது, சாப்பிடுவது, வழிபாட்டில் கை சேர்ப்பது மூன்றும் வெவ்வேறு செயல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ரோமர் 14-ஐ இதோடு கலக்க வேண்டாம். அங்கே பேச்சு மரக்கறியும் நாட்களும், விக்கிரகம் வருவதே இல்லை.