வாழைப்பழ எசன்ஸில் வாழைப்பழமே கிடையாதா?

பிளஸ்டூ மாணவன்:
லேபில் எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்து, அடர் கந்தக அமிலம் ரெண்டு சொட்டு விட்டுச் சூடாக்கி, சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஊற்றினோம். நுரை அடங்கியதும் இனிப்பா ஒரு பழ வாசனை. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் எஸ்டர் என்றார் சார். கடையில் விற்கிற வாழைப்பழ எசன்ஸும் இப்படித்தான் செய்கிறார்களா? சாப்பிடலாமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
அதே வினைதான் தம்பி. எத்தனாலுக்குப் பதில் ஐசோஅமைல் ஆல்கஹால் எடுத்தால் ஐசோஅமைல் அசிட்டேட் கிடைக்கும், வாழைப்பழ வாசனை அதுதான். பழுத்த பழத்திலும் இதே மூலக்கூறு இருக்கிறது. மரத்தில் உண்டானாலும் ஆலையில் செய்தாலும் துளி வித்தியாசம் கிடையாது. ஆனால் பழத்தில் இதோடு இன்னும் பல எஸ்டர்களும் வேறு மணப்பொருள்களும் கலந்திருக்கும், மலிவான எசன்ஸில் இது ஒன்றே தூக்கலாக நிற்பதால்தான் அந்த மிட்டாய் வாசனை. என்னை இன்றும் அசத்துவது பியூட்ரிக் அமிலம்தான்: ஊசிப்போன வெண்ணெய் நாற்றம், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டிலையே திறக்க முடியும், அதையே எத்தனாலோடு சேர்த்தால் அன்னாசி மணக்கும்! 1851 லண்டன் கண்காட்சியிலேயே இந்த மாதிரி செயற்கைப் பழ எசன்ஸ்களை வைத்திருந்தார்கள். உணவுக்கென்று சுத்திகரித்து விற்பதைச் சில சொட்டு சேர்த்துச் சாப்பிடலாம். லேபில் செய்ததை மட்டும் நாக்கில் வைத்துவிடாதே, அமிலமும் வினைபுரியாத ஆல்கஹாலும் மிச்சம் இருக்கும்.

தேனீ வளர்ப்பவர்:
சார் சொன்ன ஐசோஅமைல் அசிட்டேட்தான் தேனீக்களின் அபாய மணமும். 1962இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு தேனீ கொட்டினால் கொடுக்கோடு அந்த வாசனையும் அங்கே தங்கிவிடும், மற்றவை அதே இடத்தைத் தேடி வந்து கொட்டும். நாங்கள் புகை போடுவது அந்த மணம் அவற்றுக்கு எட்டாமல் இருக்கவும்தான். தயவுசெய்து பெட்டிப் பக்கம் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு போகாதீர்கள்.

பிளஸ்டூ மாணவன்:
நன்றி சார், நன்றி அண்ணா. அப்புறம், திராட்சை மிட்டாய் ஏன் நம்ம பன்னீர் திராட்சை மாதிரி இருக்கிறதில்லை?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
நல்ல கேள்வி. மிட்டாயில் போடுவது மெத்தில் ஆந்த்ரனிலேட், அதுவும் எஸ்டர்தான், ஆனால் அது அமெரிக்காவின் கான்கார்டு திராட்சையின் வாசனை. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை மஸ்கட் வகை. அதற்கு மணம் தருபவை லினலூல், ஜெரானியால் போன்றவை. அவை ஆல்கஹால்கள், எஸ்டரே இல்லை.