ஒபிஸ் கணினிகளில் இன்டர்நெட்டைக் கட்டுப்படுத்த வேண்டும், ஒளித்துப் பார்க்க விருப்பமில்லை

கோட்டமுனை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரத்தில் சீமெந்து, கம்பி, குழாய் மொத்தமாக விற்கும் ஒரு கடையின் அலுவலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்பது கணினிகள், ஒரே ஃபைபர் இணைப்பு. இருபதாம் திகதி தாண்டினால் டேட்டா முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வங்கியின் தளம் திறக்காது, வற் கணக்குப் பதிய முடியாது, சேமலாப நிதி விபரம் ஏற்ற முடியாது. போன மாதம் வாகரையில் இருந்து ஒரு கொந்தராத்துக்காரர் கம்பிக்கு விலைக்கூறல் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்க பிடிஎஃப் போகாமல் நின்றது. கடைசியில் என் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் அனுப்பினோம்.

பிள்ளைகள் யூடியூப் பார்த்து முடிக்கிறார்கள் என்று முதலாளி முடிவெடுத்துவிட்டார். கொழும்பில் நண்பர் ஒருவரின் கடையில் ஒரு மென்பொருளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சில நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரின் திரையையும் படம் பிடிக்குமாம், தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதியுமாம். "ஒருத்தருக்கும் சொல்ல வேணாம், நீங்க மட்டும் பாருங்க" என்கிறார்.

யூடியூப் ஓடுவது உண்மை. மேட்ச் உள்ள நாளில் பில் மேசையில் கிரிக்கெட் ஓடும். அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் மதிய இடைவேளையில் இதே கணினியில்தான் அவர்கள் வங்கிக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒருத்தி கட்டாரில் இருக்கும் கணவனோடு வட்ஸ்அப் வெப்பில் கதைக்கிறாள். அந்த எழுத்தெல்லாம் என் மேசைக்கு வருவதை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது. அக்கா, அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகள். வட்ஸ்அப்பை மூடவும் வழியில்லை, ஓடரில் பாதி அதில்தான் வருகிறது.

ஒளிந்திருந்து பார்க்காமல் டேட்டாவையும் வேலை நேரத்தையும் காப்பாற்ற என்ன வழி? முதலாளிக்கு விளங்குகிற மாதிரி சொல்லுங்கள்.

ரவுட்டர் தம்பி, காத்தான்குடி:

அக்கா, ஏறாவூரில் இருந்து கல்முனை வரை கடைகளுக்கு நெட்வேர்க் போடுவதுதான் என் வேலை. அந்த மென்பொருளைப் போடவே வேண்டாம். முதலில் டேட்டாவைத் தின்பது யார் என்று பாருங்கள், அநேகமாக நீங்கள் சந்தேகிக்கிற ஆளாக இருக்காது. யூடியூப்பை 720 தரத்தில் ஒரு மணிநேரம் பார்த்தால் ஏறத்தாழ ஒரு ஜிபி, கொஞ்சம் கூடவும் போகலாம். அது சின்னத் தொகை இல்லைதான். ஆனால் விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்றே பல ஜிபி, அதை ஒன்பது கணினியும் தனித்தனியாக இறக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். விண்டோஸ் அப்டேட் செற்றிங்கில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. அதை "உள்ளூர் நெட்வேர்க்கில் உள்ள கணினிகள் மட்டும்" என்று வைத்தால், ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும். பக்கத்திலேயே இன்டர்நெட்டில் உள்ள கணினிகளையும் சேர்க்கிற தெரிவு இருக்கும். அதைப் போட்டுவிடாதீர்கள், உங்கள் டேட்டாவில் ஊருக்கெல்லாம் அப்டேட் அனுப்பும். சிசிடிவி கமராவை முதலாளி வீட்டில் இருந்து போனில் பார்ப்பவரா? அதுவும் இந்த இணைப்பில்தான் போகிறது. பிறகு கைபேசிகள். வைஃபை பாஸ்வேட் எல்லோருக்கும் தெரியும் என்றால் லொறி டிரைவரின் போன் வரைக்கும் அதில்தான் இருக்கும்.

இன்டர்நெட் கம்பனி தருகிற ரவுட்டரில் இதையெல்லாம் ஒழுங்காகப் பார்க்க முடியாது. அதற்குப் பின்னால் மைக்ரோட்டிக் என்ற வகை ரவுட்டரில் சின்னது ஒன்று போடுங்கள். அதில் டோர்ச் என்ற பகுதியைத் திறந்தால் எந்தக் கணினி இந்த நிமிடம் எவ்வளவு இழுக்கிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும். கணினிக்கு இவ்வளவுதான் வேகம் என்று அளந்தும் விடலாம். கைபேசிகளுக்குத் தனி வைஃபை வைத்து அதன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

தளங்களை மூடுவதற்கு டிஎன்எஸ் போதும், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரி எண்ணைத் தேடித் தருகிற சேவை. ஓபன்டிஎன்எஸ் என்ற சேவையில் இலவசக் கணக்கு எடுத்தால் வீடியோ, சூதாட்டம், ஆபாசம் என்று வகை வகையாகத் தெரிவு செய்து மூடலாம். கிளவுட்ஃபிளேர் கம்பனியின் 1.1.1.3 என்ற டிஎன்எஸ் வைரஸ் தளங்களையும் ஆபாசத்தையும் மட்டும் தடுக்கும், யூடியூப்பை மூடாது. குரோம், ஃபயர்பொக்ஸ் இரண்டும் ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு தங்கள் சொந்த டிஎன்எஸ்ஸுக்குப் போகக்கூடியவை, அதைக் கணினியில் பொலிசி என்கிற நிர்வாக விதி போட்டு நிறுத்த வேண்டும். பணியாளர்களின் விண்டோஸ் கணக்கில் அட்மின் உரிமை இருக்கக் கூடாது, பிரவுசர் எக்ஸ்டென்ஷனையும் பூட்டுங்கள். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தோடு அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபரை முடக்கியது, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடியும் முடக்கியது. அந்த இரண்டு முறையோடு, தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவுகிற வீபீஎன் போடத் தெரியாத ஆளே எங்கள் ஊரில் இல்லை.

இந்த முறையில் எந்தக் கணினி எந்தத் தளத்துக்குப் போனது, எவ்வளவு இழுத்தது என்பது தெரியும். உள்ளே என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. உங்களுக்குத் தேவையானதும் அவ்வளவுதானே. எழுத்தைப் பதிகிற மென்பொருளில் கடையின் சொந்த வங்கிப் பாஸ்வேட்டும் சேர்ந்து பதிவாகும் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். அந்தப் பதிவு எந்த நாட்டு சேர்வரில் கிடக்கிறது என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும் ஒளிவில்லாமல் சொல்கிறேன். கணினியில் மூடினால் கையில் போன் இருக்கிறது, அதில் சொந்த டேட்டா இருக்கிறது. வேலை நடக்கிறதா என்பதை ரவுட்டர் சொல்லாது. பில் நேரத்துக்குப் போனதா என்று பார்க்கிற கண்தான் சொல்லும்.

சட்டம் படிக்கிறவன், கல்முனை:

சகோதரி, "ஒருத்தருக்கும் சொல்ல வேணாம்" என்பதில்தான் சிக்கல். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், அதற்குத் தேவையான அளவுதான் எடுக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். டேட்டா ஏன் முடிகிறது என்று அறிய ஒரு பெண் கணவனுக்கு எழுதியதை எடுத்து வைத்தால், அது தேவையான அளவா?

ருமேனியாவில் நடந்ததையும் முதலாளிக்குச் சொல்லுங்கள். பர்புலெஸ்கு என்பவர் ஒரு கம்பனியில் விற்பனைப் பொறுப்பில் இருந்தார். வேலைக்கென்று திறந்த யாஹூ மெசஞ்சரில் சகோதரனோடும் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணோடும் கதைத்ததைக் கம்பனி ஒளித்துப் பதிந்து, 45 பக்கமாக அச்சடித்து அவர் முன்னால் வைத்து, 2007இல் வேலையை விட்டு நீக்கியது. உள்ளூர் நீதிமன்றங்கள் கம்பனி பக்கம் நின்றன. 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அவர் பக்கம் தீர்த்தது. கண்காணிப்பு உண்டென்றும், அது எவ்வளவு தூரம் போகும் என்றும் அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான காரணம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. நியாயம் கட்டுப்படுத்தும்.

அதனால் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தளங்கள் மூடப்படும், எது பதிவாகும், யார் பார்ப்பார், எத்தனை நாளில் அழிக்கப்படும். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இடைவேளையில் சொந்த அலுவல் பார்க்கலாமா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆரையம்பதி:

நான் பார்க்கப்பட்ட பக்கத்தில் இருந்தவள். முன்பு வேலை செய்த இடத்தில் இப்படி ஒன்றைச் சொல்லாமல் போட்டிருந்தார்கள். ஒரு நாள் மேலாளரின் அறைக்கு ஃபைல் கொண்டுபோனபோது சுவரில் இருந்த பெரிய டிவியில் எங்கள் எல்லோருடைய திரையும் கட்டம் கட்டமாக இருந்தது. என் கட்டத்தில் அம்மாவுக்கு டொக்டரிடம் சனல் பண்ணிய, அதாவது பார்க்க நேரம் பதிந்த பக்கம் அப்படியே நின்றது, எந்த டொக்டர், என்ன நோய்ப் பிரிவு என்பது உட்பட. அறையில் வெளியாள் ஒருவரும் தேநீர் குடித்துக்கொண்டு இருந்தார். அன்றைக்குப் பிறகு அந்த இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைக்கவில்லை. நல்லா வேலை செய்தவர்கள்தான் முதலில் விட்டுவிட்டுப் போனார்கள். நீங்கள் மாட்டேன் என்று சொல்லுங்கள் அக்கா. உங்கள் பிள்ளைகள் சார்பில் கேட்கிறேன்.

கோட்டமுனை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று பதிலையும் அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். வங்கிப் பாஸ்வேட்டும் பதிவாகும் என்ற இடத்தில் நின்று, திரும்ப வாசித்தார். மென்பொருளை வாங்கவில்லை. சிசிடிவியை அவர் இரவிரவாக வீட்டில் இருந்து பார்ப்பதும் உண்மைதான், இனிக் குறைந்த தரத்தில் பார்க்கிறேன் என்றார்.

தம்பி, யூடியூப்பை 12.30 முதல் 1.30 வரை மட்டும் திறந்து விடலாமா? பிள்ளைகளிடம் கேட்டபோது அதைத்தான் விரும்பினார்கள். ஞாயிறு கடை பூட்டு, அன்றைக்கு நீங்கள் வந்து பார்த்தால் நல்லது.

ரவுட்டர் தம்பி, காத்தான்குடி:

திறக்கலாம் அக்கா, அந்த ஒரு மணிநேரத்துக்கு வேறு விதி எழுதினால் சரி, மைக்ரோட்டிக் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் கணினிகள் பழைய முகவரியைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், 12.30க்கே திறக்கவில்லை என்று யாரும் பதற வேண்டாம். ஞாயிறு காலையில் வருகிறேன். ஃபைபர் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேட் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும், அதை எடுத்து வையுங்கள்.